கண்ணாடி வீடும் மதுரை வெயிலும்

கேள்வி: நொய்டாவில் பல வருடம் பதினோராவது மாடி ஃபிளாட்டில் இருந்தோம். கணவருக்கு மாற்றலாகி, மதுரை மூன்றுமாவடிப் பக்கம் புதிதாகக் கட்டியிருந்த வீட்டை வாங்கி மார்கழிக்கு முன் குடிவந்தோம். ஹாலில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, வெள்ளைச் சுவர், வெள்ளை டைல்ஸ். வருகிறவர்கள் எல்லாரும் "என்ன வெளிச்சம்!" என்கிறார்கள். எனக்கோ ஹோட்டலில் தங்கியிருப்பதுபோல் இருக்கிறது. மாசி பிறந்ததிலிருந்து மதியத்தில் ஹாலில் உட்கார முடியவில்லை. ராத்திரியில் ஏதோ ஒரு பயம். கனமான திரை போடலாம் என்றால், வீட்டின் அழகே போய்விடும் என்கிறார் கணவர். ஏழாவது படிக்கும் மகள், "எப்பம்மா நம்ம வீட்டுக்குப் போவோம்?" என்று கேட்கிறாள். என்ன செய்யட்டும்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் தவிப்பில் பாதிக்கு வெயில்தான் காரணம். அதை முதலில் பேசிவிடுவோம்.

டெல்லிப் பக்கம் குளிர்காலத்தில் வெயில் விழுகிற ஜன்னல் பெரிய வரம். அங்கே நடுப்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். மதுரை ஏறக்குறைய 10 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. இங்கே ஏப்ரல் நடுவில் ஒரு முறை, ஆகஸ்ட் கடைசியில் ஒரு முறை சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட நாலு மாதமும் வடக்கே சாய்ந்து போகும். இப்போது நிழலாக இருக்கும் வடக்கு ஜன்னலில் சித்திரைக்குப் பிறகு வெயில் எட்டிப் பார்க்கும். கவலை வேண்டாம், உச்சி வெயிலை ஒன்றரை அடி சன்ஷேடே தடுத்துவிடும். மதியத்தில் உட்கார முடியவில்லை என்கிறீர்கள், அப்படியானால் உங்கள் ஹால் கண்ணாடி மேற்கு பார்த்ததாக இருக்க வேண்டும். மூன்று மணிக்கு மேல் வெயில் சாய்வாக உள்ளே பாயும்போது சன்ஷேடு பெரிதாக உதவாது.

கனமான திரையும் போதாது. வெயில் கண்ணாடியைத் தாண்டிய பிறகுதான் திரையில் படுகிறது. திரை சூடேறி, அந்தச் சூடு அறைக்குள்ளேயே தங்கிவிடும். தடுப்பு வெளியில் இருக்க வேண்டும். மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி, கயிறு இழுத்தால் சுருண்டு மேலேறுகிற மாதிரி கட்டச் சொல்லுங்கள். ஆடிக் காற்றில் படபடவென்று அடிக்காமல் இருக்கக் கீழேயும் இரண்டு கொக்கி வேண்டும். வெட்டிவேர் என்றால் மதியம் தண்ணீர் தெளித்துவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். வறண்ட காற்று குளிர்ந்து வாசத்தோடு உள்ளே வரும். ஐப்பசி மழைக்கு முன் கழற்றிக் காயவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூசணம் பூத்துவிடும். இடமிருந்தால் மேற்கே ஒரு புங்கன் கன்றும் வையுங்கள். வெள்ளை டைல்ஸில் கண் கூசுகிற இடத்தில் கோரைப்பாய் விரித்தால் போதும்.

கணவரோடு வாதாட வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருமலை நாயக்கர் மகாலுக்குக் கூட்டிப்போங்கள். 17ஆம் நூற்றாண்டில் கட்டிய அந்த அரண்மனை முற்றத்தில் வெயில் கொட்டும். தூண் வரிசைக்குப் பின்னால் நின்றால் கண் கூசாது. நேர் வெயிலை வெளியே நிறுத்திவிட்டு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விட்டிருக்கிறார்கள். அங்கே கொஞ்ச நேரம் நின்றால், தட்டி கட்டினாலும் வீட்டின் அழகு குறையாது என்று அவருக்கே தோன்றும்.

ராத்திரி பயத்துக்கு வருகிறேன். இதை நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள், ஆனால் எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. விளக்கு வைத்த பிறகு உங்கள் கண்ணாடி இருண்டுபோய், உங்கள் உருவமே அதில் தெரியும். வெளியில் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. பக்கத்து மொட்டை மாடியில் நிற்பவருக்கோ உங்கள் ஹால் முழுக்கத் தெரியும். பதினோராவது மாடியில் இந்தத் தொல்லை இருந்திருக்காது. யாருக்கானாலும் உடம்பு கூசத்தான் செய்யும். ஆகவே திரை கட்டாயம் வேண்டும், ராத்திரிக்காக. பகலில் முழுவதும் சுவர்ப் பக்கம் ஒதுங்குகிற மாதிரி கம்பியைக் கண்ணாடியைவிட நீளமாகப் போடுங்கள். நம்ம ஊர் சுங்குடித் துணியையே இரட்டையாக வைத்துத் தைக்கலாம். கூரையின் வெள்ளை எல்.இ.டி.யை அணைத்துவிட்டு, உட்காருகிற இடத்தில் மஞ்சள் வெளிச்சம் தரும் விளக்கு ஒன்றை வையுங்கள்.

மகளைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவளுக்கு நொய்டாதான் சொந்த ஊர். இன்னும் பிரிக்காத பெட்டிகளில் அவளுடையதை முதலில் பிரியுங்கள். கிழக்கு வெளிச்சம் வரும் ஜன்னலோரத்தை அவளுக்கே விட்டுவிடுங்கள். அங்கே என்ன மாட்டுவது, மேசையை எங்கே போடுவது எல்லாம் அவள் முடிவு. சுவரில் ஆணி அடித்தால் அடிக்கட்டும். பழைய தோழிகளோடு இந்தியில் மணிக்கணக்காகப் பேசினாலும் பேசட்டும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. அழகர் மலையிலிருந்து இறங்கி வரும்போது மதுரை மக்கள் எதிர்சேவை செய்து வரவேற்பது உங்கள் மூன்றுமாவடியில்தான். வைகையில் இறங்குவதற்கு முந்தைய நாள் ஊரே உங்கள் பக்கம் திரண்டு நிற்கும். வாசலில் ஒரு பானை நீர்மோர் வையுங்கள், மகள் கையால் ஊற்றிக் கொடுக்கட்டும். பெருங்காயமும் கறிவேப்பிலையும் எவ்வளவு போடுவது என்று எதிர்வீட்டு அம்மாவிடம் போய்க் கேளுங்கள். அவர் வந்தே கரைத்துக் கொடுத்தாலும் கொடுப்பார்.

தட்டியை மட்டும் பங்குனிக்குள் கட்டிவிடுங்கள். சித்திரை பிறந்துவிட்டால் ஆள் கிடைப்பது கஷ்டம்.