பசை டப்பாவைக் கடைசியில் திறங்கள்

கேள்வி: பழைய பஸ் டிக்கெட், பொத்தான், தீப்பெட்டிப் படம், ரவிக்கைத் துண்டு, கடற்கரையில் பொறுக்கிய சிப்பி என்று ஒரு செருப்புப் பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். அட்டையில் ஒட்டி கொலாஜ் செய்து பார்த்தேன். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே அழகு. ஒட்டி முடித்தால் குப்பைக்கூடையைக் கவிழ்த்த மாதிரி இருக்கிறது. எந்த நிறத்தோடு எது சேரும்? எப்படி அடுக்குவது? (படம் இணைத்துள்ளேன்.) - நாகர்கோவில் வாசகி

பதில்: படத்தைப் பார்த்தேன். பெட்டியில் இருந்த எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்துவிட்டீர்கள், அதுதான் சிக்கல். சிவப்பு பாட்டில் மூடி மூலைக்கு ஒன்று, பொத்தான்கள் வரிசையாக, நடுவில் துணி. எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, இடைவெளியும் ஒரே அளவு. பார்க்கிறவர் கண்ணுக்கு நிற்க இடமில்லை.

எந்த நிறம் எதோடு சேரும் என்ற கவலையைக் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள். பெட்டியைத் தரையில் கொட்டி வெளிர், நடுத்தரம், அடர் என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள். சந்தேகம் வந்தால் மொபைலில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுங்கள். சிவப்பு மூடியும் பச்சைப் பால் பாக்கெட்டும் நேரில் எதிரும் புதிருமாகத் தெரியும்; அந்தப் படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாக வந்து நிற்கக்கூடும். உங்கள் கொலாஜில் நடந்திருப்பது அதுதான். அத்தனை வண்ணம் இருந்தும், நன்றாக அடர்ந்த இடமும் இல்லை, நன்றாக வெளுத்த இடமும் இல்லை.

சரி, இப்போது நிறம். கல்யாணப் பத்திரிகையின் மஞ்சள் அட்டை ஒன்றும், கருநீலத் தாள் ஒன்றும் எடுங்கள். பழுப்பு ரவிக்கைத் துணியிலிருந்து கட்டைவிரல் அளவில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை மஞ்சள் மேலும் இன்னொன்றை நீலத்தின் மேலும் வையுங்கள். மஞ்சள் மேல் உள்ளது இருண்டு, கொஞ்சம் ஊதா சாயலில் தெரியும். நீலத்தின் மேல் உள்ளது வெளுத்து, ஆரஞ்சுப் பக்கம் சாயும். ஒரே துணிதான்! இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்காமல் நம்ப மாட்டீர்கள். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் கற்பித்துவிட்டு 1933-இல் அமெரிக்கா போன ஓவியர் யோசஃப் ஆல்பர்ஸ், மாணவர்களுக்கு இந்தப் பயிற்சியைப் பெயிண்டால் தராமல் வண்ணத் தாள்களால்தான் கொடுத்தார். பெயிண்டைக் குழைத்தால் அதே நிறம் மறுபடி வராது, தாளை எத்தனை துண்டாக வெட்டினாலும் நிறம் மாறாது. காய்ந்த இலைகளையும் பயன்படுத்தச் சொன்னார். ஆகவே 'இதற்கு இது சேரும்' என்று ஒரு பட்டியல் கேட்டால் என்னால் தர முடியாது. பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் வழி.

அளவைச் சிறிதாக்குங்கள், போஸ்ட்கார்டை விடக் கொஞ்சம் பெரிய அட்டை போதும். ஜெர்மனியின் ஹனோவர் நகரத்துக் கலைஞர் குர்ட் ஷ்விட்டர்ஸ், முதல் உலகப் போர் முடிந்த கையோடு டிராம் டிக்கெட், மிட்டாய்த் தாள், செய்தித்தாள் கிழிசல் இவற்றை வைத்துச் செய்த கொலாஜ்களில் பல உள்ளங்கை அளவுதான். கிழிந்த ஓரத்தை அவர் எப்படிக் கோடாகப் பயன்படுத்துகிறார் என்று பாருங்கள். வெட்டிய ஓரமும் கிழித்த ஓரமும் அருகருகே வந்தாலே படத்துக்கு உயிர் வந்துவிடும்.

அடுக்கும்போது பெரிய துண்டு ஒன்று, நடுத்தரம் இரண்டு மூன்று, மற்றவை பொடிசு. பெரியதை நடுவில் வைக்காதீர்கள். ஒன்றிரண்டு துண்டுகள் அட்டையின் விளிம்பைத் தாண்டி வெட்டுப்படட்டும். அந்தச் சிவப்பு மூடியில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள், சாம்பலும் பழுப்பும் சூழ்ந்தால் அது ஒன்றே போதும். காலியிடம் பயமுறுத்தும், விட்டுவிடுங்கள். முகமும் எழுத்தும் இருக்கிற தாள்களில் கவனம் வேண்டும். தீப்பெட்டிப் படத்தில் ஒரு முகம் இருந்தால் கண் நேரே அங்கேதான் ஓடும். எழுத்தைத் தலைகீழாகத் திருப்பினால் வாசிப்பது நின்று, வெறும் கறுப்புக் கோடாகத் தெரியும்.

இடம் பிடித்துப்போனால் மொபைலில் படம் எடுத்துவிட்டு, அப்புறம் ஒட்டுங்கள். தாளுக்கும் துணிக்கும் ஃபெவிகால் போதும். மெலிதாகப் பூசி, மேலே பாலித்தீன் தாள் விரித்து, கனமான புத்தகத்தை இரவு முழுக்க வையுங்கள். அதிகம் பூசினால் தாள் சுருங்கும், அட்டை வளையும். மூடிக்கும் பிளாஸ்டிக் பொத்தானுக்கும் ஃபெவிகால் நிற்காது. அதிலுள்ள தண்ணீர் எங்காவது ஊறிப் போனால்தான் அது இறுகும், உலோகத்தில் எங்கே ஊறும்? அதற்கு இரண்டு டியூபைக் கலக்கும் எபாக்ஸி பசை வாங்குங்கள். சிப்பி போன்ற கனமானவற்றுக்கு அட்டை தாங்காது, பிளைவுட் துண்டு வேண்டும்.

ஒன்று சொல்ல மறந்தேன். கண்டக்டர் மெஷினில் அடித்துத் தரும் டிக்கெட் சூட்டில் அச்சாவது. எழுத்து மங்கிப்போகும், வெயில் பட்டால் சீக்கிரமே. அதை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள். வெளிர் பச்சை, ரோஸ் தாளில் அச்சடித்த பழைய டிக்கெட்டில் எழுத்து போகாது, நிறம்தான் வெயிலுக்கு ஆகாது. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மட்டும் மாட்டாதீர்கள்.