வந்தவுடன் இன்டரிம் வேலை, போர்டு பதவி எல்லாம் நடக்குமா?

தம்பி, பதினைந்து வருடம் தொழிற்சாலை நிர்வாகம் பார்த்துவிட்டு, மனைவியின் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் துணைவராக பிரிட்டன் வந்திருக்கிறீர்கள். ஐந்து மாதமாக விண்ணப்பங்களுக்குப் பதில் இல்லை. இன்டரிம் மேனேஜர், அதாவது சில மாதத்துக்கு மட்டும் வரும் தற்காலிக மேலாளர் ஆகலாம், மேலாளர்களுக்குக் கோச்சிங் செய்யலாம் என்கிறார்கள்; ஒரு நண்பர் தன் கம்பெனியில் டைரக்டராகவே கூப்பிடுகிறார். எதில் கால் வைப்பது என்பதுதானே கேள்வி?

விசா தடையில்லை. துணைவராக வந்தவர் சொந்தத் தொழிலும் செய்யலாம்.

இன்டரிம் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நிதித் தலைவர் திடீரென விலகியிருப்பார். அல்லது இருபது பேராக இருந்த இடம் நூறாகி, பழைய முறை தாங்காமல் திணறும். அப்போது ஆறு மாதத்துக்கு ஒருவரை அழைப்பார்கள். அவருக்குச் சொல்லிக்கொடுக்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. திங்கட்கிழமை நுழைந்தவர் வெள்ளிக்கிழமைக்குள் எங்கே ஒழுகுகிறது என்று காட்ட வேண்டும். அதனால் இதே சிக்கலை இந்த நாட்டிலேயே சமாளித்தவரைத்தான் தேடுவார்கள். எனக்கு முதல் இன்டரிம் வேலை கிடைக்க நான்கு வருடம் ஆனது.

கிடைத்தால், கையெழுத்துக்கு முன் ஐஆர்35 என்ற வரி விதியைப் படியுங்கள். சொந்த கம்பெனி வழியாக பில் போட்டாலும், வேலை உண்மையில் சம்பள வேலை போலவே இருந்தால் வரியும் அப்படித்தான். 2021 ஏப்ரலிலிருந்து, நடுத்தர, பெரிய தனியார் நிறுவனங்களில் அதை முடிவு செய்வது அமர்த்துகிறவர். சிறிய நிறுவனம் என்றால் அந்தப் பொறுப்பு உங்கள் கம்பெனியின் தலையில்.

கோச்சிங்குக்கு உரிமம் கிடையாது. யாரும் பெயர்ப்பலகை மாட்டலாம். ஐசிஎஃப் என்ற சர்வதேச கோச்சிங் அமைப்பின் சான்றிதழுக்கு, முதல் படிக்கே 100 மணி நேர கோச்சிங் அனுபவம் கேட்பார்கள். கோச்சிங்கில் அறிவுரை சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்க வேண்டும்; அது பழைய மேலாளர்களுக்குப் பெரிய தண்டனை, எனக்கும்தான். இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

நான் சொல்வது, ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் டிரஸ்டியாக, அதாவது அதன் போர்டு உறுப்பினராகச் சேருங்கள். பெரும்பாலும் சம்பளம் இருக்காது, பயணச் செலவு தருவார்கள். ஆனால் பட்ஜெட், ஆள் நியமனம், தலைமை அதிகாரியோடு வரும் உரசல் எல்லாவற்றையும் உள்ளிருந்து பார்ப்பீர்கள். என்னை முதல் இன்டரிம் வேலைக்குச் சொல்லிவிட்டவரும் அப்படி ஒரு போர்டில் பக்கத்தில் உட்கார்ந்தவர்தான்.

அங்கே நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கூட்டத்திலேயே கையிருப்பு நிதி வேகமாகக் கரைவது தாளில் தெரிந்தது. தலைவர் வயதில் மூத்தவர், நான் புதியவன், குறுக்கே பேசுவானேன் என்று இருந்துவிட்டேன். ஏழு மாதம் கழித்து மூன்று பேரை வேலையை விட்டு அனுப்ப வேண்டியதாயிற்று. கூட்டக் குறிப்பில் "அனைவரும் ஏற்றனர்" என்று இருந்தது. அந்த "அனைவரில்" நானும் உண்டு. அப்புறம் எந்தக் கூட்டத்துக்கும் ஒரு கேள்வியாவது எழுதிக்கொள்ளாமல் நான் போனதில்லை.

அதனால்தான் நண்பரின் அழைப்பு எனக்கு உறுத்துகிறது. "பெயருக்கு மட்டும் டைரக்டர்" என்று ஒன்று இங்கே இல்லை. 2006 கம்பெனிச் சட்டத்தின் 171 முதல் 177 வரையிலான பிரிவுகள் சொல்லும் டைரக்டர் கடமைகள், தினமும் வருகிறவருக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டத்துக்கு மட்டும் வருகிறவருக்கும் ஒன்றே. கடைசி மூன்று வருடக் கணக்கையும் வரி பாக்கி விவரத்தையும் கேளுங்கள். "நமக்குள் என்ன கணக்கு" என்று அவர் சிரித்தால், அந்த வாரமே மறுத்துவிடுங்கள்.