மோடத்தை மாற்றும் முன்: வீட்டு இணைய வேகம் குறித்த கேள்வி பதில்

கேள்வி: 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு வைத்திருக்கிறோம். கூடத்தில் நன்றாக இருக்கிறது. உள்ளறையில் பேத்தியின் ஆன்லைன் வகுப்பு நின்று நின்று ஓடுகிறது. மோடம் பழசாகிவிட்டது, மாற்றிவிடுங்கள் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம், ஐயா. கூடத்தில் நன்றாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் இணையம் வேறு, அதை வீட்டுக்குள் காற்றில் பரப்பும் வைஃபை வேறு. இவ்விரண்டில் எது தளர்ந்திருக்கிறது என்று பார்க்காமல் செய்யும் செலவு பெரும்பாலும் வீண். ஒரு மடிக்கணினியை லேன் கேபிள் மூலம் நேரே மோடத்தில் செருகி, வீட்டிலுள்ள மற்றக் கருவிகளின் இணைப்பைச் சற்று நேரம் துண்டித்துவிட்டு, வேகத்தை அளந்து பாருங்கள். தொண்ணூறை ஒட்டி வந்தால் வெளியிலிருந்து வரும் இணைப்பில் குறையில்லை.

அடுத்து, மோடம் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். ஃபைபர் எந்த ஜன்னல் வழியாக நுழைகிறதோ அந்த மூலையிலேயே, டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோவுக்குப் பக்கத்திலோ மாட்டிவிட்டுப் போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. வைஃபை பொதுவாக 5, 2.4 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் பரவுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது என்றாலும், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் நலிந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் கூடுதல் தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு. மோடத்தை வீட்டின் நடுப்பகுதிக்கு, தலை உயரத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஃபைபரை நீங்களே இழுத்து மடிக்க வேண்டாம். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. அப்படியும் உள்ளறைக்கு எட்டவில்லையென்றால், அங்கே ஒரு லேன் கேபிளை இழுத்து, அதன் முனையில் சாதாரண ரௌட்டர் ஒன்றை வைப்பதே, புது மோடம் வாங்குவதைவிட உறுதியான வழி.

கேள்வி: பகலெல்லாம் பறக்கும் இணையம், இரவு எட்டு மணி முதல் பதினொன்று வரை ஊர்ந்து போகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். (இல்லத்தரசி, வேளச்சேரி)

பதில்: மோடத்துக்கு மணி தெரியாது, அம்மா. குறித்த நேரத்தில் மட்டும் வேகம் குறைகிறது என்றால் கூட்டம்தான் காரணம். அந்தக் கூட்டம் எங்கே என்பதே கேள்வி. வீடுகளுக்கு வரும் ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் முறையில் இயங்குவது. அதில் ஒரே இழையின் சுமார் 2.5 கிகாபிட் வேகத்தைப் பொதுவாக 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. இது ஒரு சாத்தியம். மற்றொன்று, உங்கள் அடுக்ககத்தின் வைஃபை நெரிசல்: 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள், அதாவது அலை போகும் தடங்கள், 1, 6, 11 என மூன்றே. மூன்று பேர் உட்காரும் திண்ணையில் முப்பது வீட்டுக்காரர்கள் உட்கார்ந்தால் எப்படியிருக்குமோ அப்படித்தான்.

மாலை நான்கு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் லேன் கேபிளில் அளந்து, மூன்று நாள்களுக்கு எழுதி வையுங்கள். கேபிளிலும் குறைந்தால் எந்த மோடம் வாங்கினாலும் பயனில்லை; அந்தக் குறிப்போடு நிறுவனத்திடம் புகார் அளித்து, புகார் எண்ணை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். கேபிளில் குறையாவிட்டால் கைப்பேசிகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அதுவே போதுமானதாக இருக்கும்.

கேள்வி: 100 என்று பணம் வாங்கிவிட்டு 12 தான் தருகிறார்கள். டவுன்லோட் ஆகும்போது திரையிலேயே தெரிகிறது. (கல்லூரி மாணவர், கோவை)

பதில்: ஏமாற்றவில்லை, தம்பி. திட்டத்தில் சொல்வது மெகாபிட். திரை காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை.

கேள்வி: 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறிய பிறகும் கேபிளில் 94க்கு மேல் ஏறவே இல்லை. (கணக்காளர், சேலம்)

பதில்: 94 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. எங்கோ ஓரிடத்தில் இணைப்பு 100 எம்பிபிஎஸ் அளவில் நிற்கிறது. தரவோடு சேர்ந்து போகும் முகவரி போன்ற மேலுறைத் தகவல்கள் போக மிஞ்சுவது இவ்வளவுதான். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். கிகாபிட் வேகத்துக்கு உள்ளிருக்கும் எட்டுக் கம்பிகளும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் இணைப்பு சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடக்கூடும். கேபிளும் கணினியும் சரியாக இருந்தால், மோடத்தின் லேன் போர்ட்டே நூறுக்கு மேல் தராத பழைய வகையாக இருக்கலாம். அப்படியானால் மாற்றுவது நியாயம். வேகத் திட்டத்தை விற்றவர்களிடமே மாற்றித் தரும்படி கேளுங்கள்.

கேள்வி: மோடம் தானாக அணைந்து எரிகிறது. சில நாள் சிவப்பு விளக்கும் மினுக்குகிறது. (கடை உரிமையாளர், திருநெல்வேலி)

பதில்: இவை இரண்டு தனித்தனி நோய்கள். எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு மினுக்கினால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள்: வெளியே அணில் கடித்திருக்கலாம், ஆணியில் சிக்கி மடங்கியிருக்கலாம், முனையில் தூசி படிந்திருக்கலாம். மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் வந்து சேரும் ஒளியின் வலிமை டிபிஎம் என்ற அலகில் இருக்கும்; மைனஸுக்குப் பின்னுள்ள எண் கூடக் கூட ஒளி குறைவு. அது மைனஸ் 20ஐ ஒட்டியிருந்தால் கவலையில்லை; மைனஸ் 27ஐ நெருங்கினால் லைன்மேனை அழைக்க வேண்டும்.

தானாக அணைந்து எரிவதற்கு அடாப்டரைச் சந்தேகியுங்கள். என் வீட்டிலேயே இரண்டு வாரம் இந்தத் தொல்லை இருந்தது. புது மோடம் வாங்கப் புறப்பட்ட அன்றுதான் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன்: 12 வோல்ட், 0.5 ஆம்பியர். மோடத்தின் அடியில் அச்சிட்டிருந்ததோ 12 வோல்ட், 1.5 ஆம்பியர். வெள்ளையடித்தபோது, செருகி பொருந்துகிறதே என்று வேறொரு கருவியின் அடாப்டரை யாரோ மாட்டியிருக்கிறார்கள். அந்த யாரோ நானாகவும் இருக்கலாம்.

கேள்வி: நானே புது வைஃபை ரௌட்டர் வாங்கிவிட்டேன். நிறுவனம் தந்த மோடத்தைக் கழற்றி எறிந்துவிடலாமா? (பொறியாளர், நாகர்கோவில்)

பதில்: கூடாது. ஃபைபரின் ஒளியை மின்குறியாக மாற்றுவது அந்த மோடம்தான். அதன் வரிசை எண் நிறுவனத்தின் கணினியில் பதிவாகியிருப்பதால்தான் இணைப்பே கிடைக்கிறது. அதைப் பிரிட்ஜ் முறைக்கு, அதாவது ரௌட்டர் வேலையை விட்டு இணையத்தை அப்படியே கடத்திவிடும் முறைக்கு, மாற்றித் தரச் சொல்லி, பின்னால் உங்கள் ரௌட்டரைச் செருகிக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் நிறுவனத்தின் உடைமையாகவே இருக்கும் என்பதால், இணைப்பை விடும் நாளில் அடாப்டரோடு திருப்பிக் கொடுத்து, ரசீதும் வாங்கி வையுங்கள்.