பப்பெட்டில் ‘இன்ஹெரிட்ஸ்’ தரும் பிழைகள்: எங்கே தேடுவது?

கேள்வி: சர்வர்களின் அமைப்பைக் கோட் மூலம் நிர்வகிக்கும் பப்பெட் கருவியைப் பயன்படுத்துகிறோம். எங்கள் எல்லா சர்வர்களுக்கும் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வசதி) கான்ஃபிக் கோப்பை ஒரு பப்பெட் கிளாஸ் (பெயரிட்ட கோட் தொகுதி) வழங்குகிறது. டேட்டாபேஸ் சர்வர்களுக்கு மட்டும் வேறு கோப்பு வேண்டும். அதற்கான கிளாஸில் அதே கோப்பை எழுதினால் ‘ஏற்கெனவே அறிவிக்கப்பட்டுள்ளது’ என்ற பிழை வருகிறது. ஒரு கிளாஸை இன்னொரு ‘தாய்’ கிளாஸின் சேயாக்கும் ‘இன்ஹெரிட்ஸ்’ என்ற சொல்லைச் சேர்த்தால், தாய் கிளாஸ் கிடைக்கவில்லை என்கிறது. எங்கே தவறு?

பதில்: இரண்டும் வெவ்வேறு நோய்கள். தாய் கிளாஸ் கிடைக்காததற்குப் பெரும்பாலும் கோப்பின் இடமே காரணம். மாட்யூலின் (தொடர்புடைய கிளாஸ்களும் கோப்புகளும் அடங்கிய ஃபோல்டர்) பெயரையே கொண்ட கிளாஸ் மேனிஃபெஸ்ட்ஸ் ஃபோல்டரின் இனிட் கோப்பிலும், மற்றவை தத்தம் பெயருள்ள கோப்பிலும் இருக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும், அந்த நோடுக்குரிய (பப்பெட் நிர்வகிக்கும் சர்வர்) என்விரான்மென்ட்டில், அதாவது அதற்கான கோட் தொகுப்பில், மாட்யூல் இல்லாவிட்டாலும் இதே பிழைதான் வரும். ‘பார்சர் வேலிடேட்’ கட்டளை இலக்கணத்தை மட்டுமே சரிபார்ப்பதால், அது மௌனமாக முடிந்ததை நம்பி இருந்துவிடாதீர்கள்.

முதல் பிழை புரிதலைச் சார்ந்தது. ஜாவா, பைத்தான் பழகியவர்கள், சேய் கிளாஸில் அதே பெயரில் எழுதினால் தாயில் உள்ளது மறைந்துவிடும் என்று எதிர்பார்ப்பார்கள்; நானும் எதிர்பார்த்திருக்கிறேன். பப்பெட்டில் அப்படியில்லை. சேய் கிளாஸை அழைத்தவுடன் தாய் கிளாஸ் முதலில் தானாகவே இயங்கி, கோப்பு, பேக்கேஜ் போன்ற தன் ரிசோர்ஸ்கள் அனைத்தையும் கேட்டலாக்கில் (அந்த சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்ற முழுப் பட்டியல்) சேர்த்துவிடுகிறது. ஒரு கேட்டலாக்கில் ஒரு ரிசோர்ஸை ஒருமுறைதான் அறிவிக்க முடியும் என்பதால், சேய்க்குக் கிடைப்பது அதன் பண்புகளை மாற்றும் உரிமை மட்டுமே. எனவே சிறிய எழுத்தில் தொடங்கும் ‘ஃபைல்’ அறிவிப்பை நீக்கிவிட்டு, பெரிய எழுத்தில் தொடங்கிச் சதுர அடைப்புக்குள் கோப்பின் பாதையைத் தரும் குறிப்பு வடிவத்தில், மாற வேண்டிய பண்பை மட்டும் எழுதுங்கள். ‘இன்ஹெரிட்ஸ்’ இல்லாமல் இப்படி எழுதினால், துணைக் கிளாஸ்களுக்கு (சேய் கிளாஸ்களுக்கு) மட்டுமே அந்த உரிமை உண்டு என்ற மூன்றாவது பிழை வரும். ஒரே நோடில் இரண்டு சேய் கிளாஸ்கள் ஒரே பண்பை மாற்ற முயன்றாலும் கேட்டலாக்கை உருவாக்கும் கம்பைல் வேலை நின்றுவிடும்.

இன்னொரு பொறியும் உண்டு. தாய் கிளாஸுக்கு வேறோர் இடத்தில் ரிசோர்ஸை எழுதும் அதே பாணியில் பாராமீட்டர் (வெளியிலிருந்து தரும் மதிப்பு) கொடுத்து அறிவித்திருந்தால், அந்த அறிவிப்பு சேய்க்கு முன்னதாக இயங்கியாக வேண்டும். பிந்தினால், தாய் கிளாஸே இருமுறை அறிவிக்கப்பட்டதாகப் பிழை எழும். வரிசையைப் பொறுத்தது என்பதால், ஒரு சர்வரில் ஓடும் கோட் இன்னொன்றில் விழும்.

உங்கள் தேவைக்கு ‘இன்ஹெரிட்ஸ்’ வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு கோப்பின் மூலத்தை மாற்ற ஒரு கிளாஸ் குடும்பம் எதற்கு? ‘சோர்ஸ்’ மதிப்பைத் தாய் கிளாஸின் பாராமீட்டராக்கி, டேட்டாபேஸ் சர்வர்களுக்கான மதிப்பை, பப்பெட் மதிப்புகளைத் தேடியெடுக்கும் தரவு அமைப்பான ஹைராவில் வையுங்கள். இயல்பு மதிப்புகளுக்காக ‘பாராம்ஸ்’ என்ற தனி கிளாஸை ‘இன்ஹெரிட்ஸ்’ மூலம் தாயாக்கும் பழைய வழக்கமும், 2017இல் பப்பெட் 4.9 உடன் ஹைரா 5 வந்து, மாட்யூலுக்குள்ளேயே தரவை வைக்க முடிந்த பிறகு, தேவையற்றதாகிவிட்டது. மாற்றியதும் ஒரே ஒரு டேட்டாபேஸ் சர்வரில் பப்பெட் ஏஜென்ட்டை (சர்வரில் இயங்கி மாற்றங்களைச் செய்யும் நிரல்), எதையும் மாற்றாமல் மாறவிருப்பதை மட்டும் காட்டும் ‘நோஆப்’ முறையில் ஓட்டி, அந்த ஒரு கோப்பு மட்டுமே மாறவிருப்பதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள்.