பவளத்தைத் தின்பது பெப்பர்மின்ட் இறாலா?

கேள்வி: எங்கள் மெரைன் டேங்கில் (கடல்நீர்த் தொட்டி) ஐப்டேசியா என்ற களைபோன்ற கடல் சாமந்தி பெருகிவிட்டது. அதைத் தின்னும் என்று சொன்னதால் சென்னை கொளத்தூரில் மூன்று பெப்பர்மின்ட் இறால் வாங்கினேன். ஐப்டேசியா அப்படியே இருக்கிறது, நான் வளர்க்கும் ஜோவாந்தஸ் பவளம்தான் குறைகிறது. நடுவில் ஓர் இறால் செத்துக் கிடந்தது. எண்ணிப் பார்த்தால் மூன்றும் இருக்கின்றன! கடைக்காரர் அயோடின் ஊற்றச் சொல்கிறார். ஊற்றலாமா?

பதில்: ஊற்றாதீர்கள். உங்களிடம் இருப்பது பெப்பர்மின்ட்டே இல்லை, கேமல் இறாலாக இருக்கும். இரவில் விளக்கை அணைத்து, கொஞ்ச நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். முதுகு கூனி, கண் பெரிதாக, சிவப்பு உடம்பில் வெள்ளைக் கோடும் புள்ளியும் கலந்திருந்தால் கேமல்தான். கண்களுக்கு நடுவே நீளும் முள்ளையும் கவனியுங்கள். கதவுக் கீல்போல ஏறி இறங்கும். பெப்பர்மின்ட்டின் முள் அசையாது. அதன் உடம்பு உள்ளே தெரியும் அளவுக்கு வெளிறியிருக்கும், மெல்லிய சிவப்புக் கோடுகள் நீளவாக்கில் ஓடும். வெள்ளைப் புள்ளி இருக்காது.

பெயர் மாறுவது தற்செயல் இல்லை. பெப்பர்மின்ட் என்று பெயரெடுத்தது ஃப்ளோரிடா, கரீபியன் பக்கத்து இறால். அங்கிருந்து வரவழைக்கச் செலவு பிடிக்கும். கேமல் நம் பக்கத்துக் கடல்களிலும் உண்டு, மலிவு. சிவப்புக் கோடு தெரிந்தால் போதும், இடைத்தரகர் பெயரை மாற்றிவிடுகிறார். பண்ணைக்கு இறக்குமதியாகும் வனாமி என்ற வளர்ப்பு இறாலின் தாய் இறால்களுக்கு நீலாங்கரையில் தனிமைப்படுத்தும் நிலையமே வைத்திருக்கிறார்கள். வீட்டுத் தொட்டிக்கு வருவது எந்த இனம் என்று கேட்க நாதியில்லை. பில்லில் ‘மெரைன் இறால்’ என்று கிறுக்கினால் முடிந்தது. அடுத்த முறை பெப்பர்மின்ட்டின் அறிவியல் பெயரான ‘லைஸ்மாட்டா’ என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் வேறு கடை பாருங்கள்.

கேமல் ஜோவாந்தஸை விட்டுவைக்காது. மீன் மட்டும் இருக்கும் தொட்டிக்கு மாற்றுங்கள், அங்கே அதனால் தொல்லை இல்லை.

அசல் பெப்பர்மின்ட் வந்தாலும் ஐப்டேசியா ஒழியும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். சில இறால்கள் அதைத் தொடுவதே இல்லை. தொடுபவையும் சின்ன ஐப்டேசியாவை மேயும், பெரியதை விட்டுவிடும். வயிறு நிறைய மீன் தீனி கிடைத்தால் சின்னதையும் சீண்டாது. ஆகவே இரவில் தீனி போடாதீர்கள். பட்டினியும் போடாதீர்கள், பசி முற்றினால் இதுவும் பவளத்தைக் கிள்ளும். பெரிய ஐப்டேசியாவை நீங்களே சுரண்டி எடுக்க நினைக்காதீர்கள், ஒட்டியிருக்கும் துணுக்கிலிருந்து மறுபடி முளைக்கும்.

‘செத்துக் கிடந்தது’ இறால் அல்ல, அது உரித்துப்போட்ட ஓடு. எடுத்துப் பாருங்கள்: காலும் மீசையும் அப்படியே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. செத்த இறால் வெளுத்துக் கனமாக இருக்கும், நாறும். ஓடு உரித்த இறால் உடம்பு இறுகும்வரை பாறை இடுக்கில் பதுங்கும். குச்சியால் குத்திக் கிளப்ப வேண்டாம். இந்தப் பதுங்கலைக் காட்டித்தான் அயோடின் பாட்டிலை விற்கிறார்கள். ஒழுங்காகத் தீனி போட்டு, நல்ல உப்புக் கலவையில் தண்ணீர் மாற்றிவந்தால் அதுவே போதும். அளக்காமல் ஊற்றிய அயோடின் விஷம்.

புது இறாலைப் பையோடு கவிழ்த்து விடாதீர்கள். உப்புச் செலவு மிச்சம் என்று சில கடைகளில் தண்ணீரின் உப்பு அடர்த்தியைக் குறைத்தே வைப்பார்கள். உங்கள் தொட்டித் தண்ணீரின் அடர்த்தி 1.025-இல் இருந்தால், பைத் தண்ணீரையும் அளந்துவிட்டு, ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை அதில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சொட்டுச் சொட்டாகக் கலந்து விடுங்கள். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால், செம்பு கலந்த மருந்தை இந்தத் தொட்டியில் ஊற்றவே கூடாது. இறாலின் ரத்தத்திலேயே செம்பு உண்டு, ஆனால் தண்ணீரில் கரைந்த செம்பு அதைக் கொன்றுவிடும். மீனை வேறு தொட்டிக்கு எடுத்து வைத்தியம் பாருங்கள். அந்தத் தொட்டியின் பாறையையோ மணலையோ திரும்ப இதில் போடாதீர்கள்.