ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி?

கேள்வி: குடியாத்தத்தை அடுத்த கிராமத்தில் லுங்கி நெய்யும் குடும்பம் எங்களுடையது. மகள் ஒன்றியப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். நகையை அடகு வைத்தாவது காட்பாடியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்கிறார் கணவர். நடந்து போகும் தூரத்தில் அரசு மகளிர் பள்ளி இருக்கிறது. அங்கே சேர்த்தால் இங்கிலீஷ் வராமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அரசுப் பள்ளியில் சேர்ப்பதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால், அந்தப் பள்ளியை நேரில் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.

தங்கள் மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள் என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, நீட் தேர்வில் தகுதி பெற்றால், மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2020இல் வந்தது. மறு ஆண்டே அது பொறியியல், வேளாண்மை, சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரிந்தது. அப்படிச் சேர்வோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், முதல் பட்டம் அல்லது பட்டயப் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் மாணவியின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. இப்போது தனியார் பள்ளிக்குப் போய்விட்டு ஒன்பதாம் வகுப்பில் திரும்பி வந்தால் இவை கிடைக்கமாட்டா.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றித் தரப்படும் 25 விழுக்காடு இடம் எல்.கே.ஜி. போன்ற நுழைவு வகுப்புக்கு மட்டுமே என்பதால் அந்த வழியும் இப்போது இல்லை. பாடத்தைப் பொறுத்தவரை, சமச்சீர் கல்வி வந்த பின் மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் பாடத்திட்டம் ஒன்றுதான். பல அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவும் உண்டு.

தனியார் பள்ளியில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிள்ளை ஒரு நாள் வராவிட்டால் வீட்டுக்குத் தொலைபேசியில் கேட்பார்கள், வீட்டுப்பாடத்தை நாள்தோறும் பார்ப்பார்கள்; பெற்றோர் பணம் கட்டுவது பெரும்பாலும் இந்தக் கவனிப்புக்காகத்தான். ஆனால் கட்டண நிர்ணயக் குழு வரையறுத்த தொகையோடு செலவு முடிந்துவிடுவதில்லை. வேன், சீருடை, நோட்டு என்று ஏழு ஆண்டுகளும் வந்துகொண்டே இருக்கும். அடகுக் கடை வட்டி அதற்கு மேல். காட்பாடி வரை தினமும் வேனில் போய் வரும் பத்து வயதுக் குழந்தைக்கு மாலையில் புத்தகத்தைத் திறக்கவே தெம்பு இருக்குமா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ஆகவே ஒரு வேலை நாளில் கணவரையும் அழைத்துக்கொண்டு அந்த மகளிர் பள்ளிக்குச் செல்லுங்கள். கணிதம், அறிவியல், ஆங்கிலம் மூன்றுக்கும் ஆசிரியர் இருக்கிறார்களா, எந்தப் பணியிடமாவது நீண்ட நாளாகக் காலியாக இருக்கிறதா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்; அது பெற்றோரின் உரிமை. கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பதைத் தாங்களே போய்ப் பாருங்கள். வயதுக்கு வரும் பெண்ணுக்கு அது ஆசிரியருக்கு அடுத்தபடி முக்கியம். சேர்த்த பிறகு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களுக்குத் தவறாமல் போங்கள். ஆங்கிலத்துக்கு, தெருவில் கல்லூரி படிக்கும் பெண் யாராவது மாலையில் ஒரு மணி நேரம் உடன் அமர்ந்து வாசிக்க வைத்தாலே நல்ல மாற்றம் தெரியும். அதற்கு ஆகும் செலவு வேன் கட்டணத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.

முக்கியப் பாடங்களுக்கு அங்கே ஆசிரியரே இல்லையென்றால், அருகில் வேறு அரசுப் பள்ளி உண்டா என்று முதலில் பாருங்கள்; அதற்கடுத்து அரசு உதவி பெறும் பள்ளியை விசாரியுங்கள். அதில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இல்லை. எனினும், தமிழ் வழியில் படித்தால் புதுமைப் பெண் உதவி கிடைக்கும்.