வன்னியில் குதிரைச் சவாரி: கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

நான் வன்னியில், முள்ளியவளையில் பிறந்தவள். சின்ன வயதில் இடம்பெயர்ந்து, இப்போது ஒன்ராறியோவில் இருக்கிறேன். இங்கே ஒக்டோபரில் வரும் நன்றி நாள் விடுமுறைக்கு, எங்கள் குடும்பமும் நண்பர்களின் குடும்பங்களும் சேர்ந்து ஒரு பண்ணைக்குப் போய், குதிரையில் காட்டுப் பாதை வழியே இரண்டு மணித்தியாலம் சவாரி போவோம். மேப்பிள் இலை சிவந்து பாதையெல்லாம் கொட்டிக் கிடக்கும். பிள்ளைகள் போனைத் தொடமாட்டார்கள். போன வருசம் மாமியும் ஏறினார். இறங்கியதும், "வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வண்டில்ல போன மாதிரிக் கிடக்கு" என்றார்.

வருகிற ஐப்பசியில் ஊருக்கு வர நினைக்கிறோம். ஒட்டுசுட்டான் பக்கம் மாமாவின் காணி இருக்கிறது. நெடுந்தீவில் சும்மா திரிகிற குதிரைகளில் நாலைந்தைக் கொண்டுவந்து இப்படி ஒரு சவாரியைத் தொடங்கினால் என்ன என்று கணவர் கேட்கிறார். பிள்ளைகளுக்கும் ஆசை. உங்கள் எண்ணத்தை எழுதுவீர்களா?

ஒரு வாசகி, ஒன்ராறியோ

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கணவரின் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். ஐப்பசியில் வன்னிக் காட்டுப் பாதைக்குக் குதிரை வேண்டாம். நெடுந்தீவுக் குதிரை எந்த மாதத்திலும் வேண்டாம். ஆனால் மாமி சொன்னது இருக்கிறதே, அதை விட்டுவிடாதீர்கள். இந்தப் பதிலில் பாதி அதைப் பற்றித்தான்.

கனடாவில் உறவினர் வீட்டில் நின்ற ஓர் இலையுதிர் காலத்தில் எனக்கும் அந்தச் சவாரி வாய்த்தது. பண்ணைக்காரப் பெண் நாங்கள் ஏறும் முன் சேணத்தின் வாரை இறுக்கினார். கொஞ்சத் தூரம் போனதும் எல்லாரையும் நிறுத்தி மறுபடியும் இறுக்கினார். வாரைக் கட்டும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளுமாம், நடக்கத் தொடங்கியதும் வார் தளர்ந்துவிடுமாம். வாலில் சிவப்பு நாடா கட்டியிருந்தால் அது உதைக்கிற குதிரை, பின்னால் நெருங்கக் கூடாது என்றார். என்னுடைய குதிரை தலையை இறக்கிக் கீழே கிடந்த இலையை மணந்தபோது, திரும்பிப் பார்த்து உடனே கடிவாளத்தை இழுக்கச் சொன்னார். உதிர்ந்து வாடிய சிவப்பு மேப்பிள் இலை குதிரைக்கு நஞ்சு. இரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களை உடைத்துவிடும், கூடுதலாகத் தின்றால் குதிரை செத்துப்போகும். நாங்கள் பார்த்துப் பார்த்து மகிழ்ந்த அந்த இலைக்கு நடுவே எங்களைச் சுமந்து போன விலங்குக்கு ஒரு வாய் இலை ஆகாது. அன்றிலிருந்து ஒரு விலங்கை எங்காவது கொண்டுபோக வேண்டும் என்று யார் சொன்னாலும், அங்கே அதற்கு என்ன ஒத்துக்கொள்ளும் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.

உங்கள் பக்கத்தில் இலையுதிர் காலம் சவாரிக்கு நல்லதாக இருப்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை. முதல் உறைபனி விழுந்ததும் ஈயும் நுளம்பும் அடங்கிவிடும். காற்று குளிரும், குதிரைக்கு அதிகம் வியர்க்காது, தரையும் இறுகியிருக்கும். வன்னியில் அந்த மாதங்களில் எல்லாமே தலைகீழ். கோடை முழுக்கக் காய்ந்து வெடித்த தரையில் புரட்டாதிக் கடைசியிலோ ஐப்பசியிலோ மழை இறங்கும். எங்களுக்கு அது துளிர்க்கிற காலம். முதல் மழைக்கு மறுநாள் காலை கிரவல் ஒழுங்கையில் குனிந்து பார்த்தால், பட்டுத் துணியில் வெட்டி எடுத்ததுபோலத் தம்பளப்பூச்சிகள் சிவப்புச் சிவப்பாக ஊர்ந்து போகும். வேலியில் கார்த்திகைப்பூ ஏறத் தொடங்கும். வயலில் காலபோக விதைப்பு. லான்ட்மாஸ்டர் உழவு யந்திரத்தின் சத்தம் விடிய முன்னமே கேட்கும். பார்க்க எனக்கு மிகவும் பிடித்த மாதங்கள் இவைதான். ஆனால் காட்டுப் பாதை சேறு, ஈயும் உண்ணியும் பெருகும். நாள்கணக்கில் ஈரத்தில் நின்ற குதிரையின் குளம்பு அடியிலிருந்து அழுகத் தொடங்கும்.

குளம்பென்றதும் இன்னொன்று. ஊரில் மாட்டுக்கு லாடம் அடிக்கத் தெரிந்த ஓரிருவர் இன்னும் இருக்கிறார்கள். மாட்டைக் கயிறு போட்டு விழுத்தி, காலைச் சேர்த்துக் கட்டி, ஒவ்வொரு குளம்புக்கும் இரண்டு தகடு அடிப்பார்கள், ஏனென்றால் மாட்டின் குளம்பு பிளந்தது. குதிரைக்கு ஒரே வளையம், ஆணி போகிற கோணமே வேறு. கொஞ்சம் உள்ளே போனால் குதிரை நொண்டியாகிவிடும். அந்தத் தொழில் தெரிந்தவரை வன்னியில் எங்கே தேடுவீர்கள்?

இதெல்லாம் செலவழித்துச் சமாளிக்கக்கூடிய விசயங்கள் என்று கணவர் சொல்லலாம். சரி. ஆனால் அடுத்ததைச் சமாளிக்க முடியாது. குதிரை ஓடித் தப்பிக்கிற விலங்கு. பயந்தால் முதலில் ஓடும், எங்கே ஓடுகிறோம் என்று பிறகுதான் பார்க்கும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வரை பொழுதுபட்டால் யானை இறங்குகிற காடு. அந்தக் காடுகளில் மிதிவெடி அகற்றும் வேலை முற்றாக முடியவில்லை. யானையைக் கண்டு மிரண்ட குதிரை பாதையை விட்டுக் காட்டுக்குள் பாய்ந்தால், அதன் முதுகில் இருப்பது உங்கள் பிள்ளை. அந்தக் காட்சியை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. ஆபத்து என்று பலகை நட்ட இடத்துக்கு அப்பால் ஓரடி வைக்காதே என்று மனிதருக்குச் சொல்லலாம், குதிரைக்குச் சொல்ல முடியாது.

நெடுந்தீவுக் குதிரைகள் சும்மா திரியவில்லை, தங்கச்சி. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அங்கே குதிரை வளர்த்தார்கள். ஒல்லாந்தர் காலத்து லாயத்தின் தூண்களை இன்றும் பார்க்கலாம். அந்த வளர்ப்பு நின்றுபோனபின் தலைமுறை தலைமுறையாகத் தானே பெருகிய கூட்டம் அது. அவை திரிகிற வெட்டைவெளியின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கடும் வரட்சி வருகிற வருசங்களில் தண்ணீரில்லாமல் அவை சாவது வேறு கதை. அந்தக் குதிரைகளுக்கு ஏதாவது செய்ய ஆசையிருந்தால், தண்ணீர்த் தொட்டிக்கு உதவுங்கள். பிள்ளைகளைக் குறிகட்டுவானிலிருந்து படகில் கூட்டிப்போய்த் தூரத்தில் நின்று காட்டுங்கள். முதுகில் ஆளேற்றாத குதிரை கடற்கரை வெட்டையில் எப்படி நடக்கிறது என்று அவர்கள் பார்க்கட்டும். பண்ணைக் குதிரையை மட்டும் தெரிந்த பிள்ளைகளுக்கு அது புதிதாக இருக்கும்.

இனி மாமி சொன்ன வண்டில்.

வன்னி குதிரையின் நாடாக ஒருபோதும் இருந்ததில்லை. ஒல்லாந்தருக்கு வன்னியர்கள் திறையாகக் கொடுத்தது யானை. சனங்கள் ஊர்விட்டு ஊர் போனது மாட்டு வண்டிலில். வற்றாப்பளைப் பொங்கலை முள்ளியவளைக்காரியான உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரிகிற நாட்களில் தொடங்கி, வைகாசித் திங்கட்கிழமை நந்திக்கடல் கரையில் பொங்கல் வரும்வரைக்கும் பாதையெல்லாம் வண்டில் வரிசையாகப் போகும். வெயிலுக்குப் பயந்து இரவில்தான் பூட்டுவார்கள். தட்டில் வைக்கோல் பரப்பி, மேலே பாய் விரித்து, அச்சுக்குக் கீழே அரிக்கன் லாம்பைத் தொங்கவிடுவார்கள். வீட்டு நாய் அந்த வெளிச்சத்துக்குள் நடந்தே வரும். முன் வண்டில் மாட்டுக்கு வழி தெரிந்தால் போதும், பின்னால் வருகிறவர் நித்திரை கொண்டாலும் மாடு முன்னதைப் பிடித்துக்கொண்டு போகும்.

ஏறுவதற்கு முன் ஒரு வேலை நடக்கும். சின்ன வயதில் நான் வாய்பார்த்துக்கொண்டு நிற்பேன். வண்டில்காரர் ஆட்களைப் பார்த்துப் பார்த்து இருத்துவார். முன்னுக்குப் பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அமத்தும். பின்னுக்குக் கூடினால் நுகம் மேலெழும்பி, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். "ஆச்சி, கொஞ்சம் முன்னுக்கு வாங்கோ. பெடியள் ரெண்டுபேரும் பின்னுக்குப் போங்கோ" என்று ஒவ்வொருவராக நகர்த்தி, நுகத்தடியில் கையை வைத்துத் தூக்கிப் பார்ப்பார். ஒரு கையால் இலேசாகத் தூக்க முடிந்தால் சரி. குளக்கட்டில் ஏறுகிற இடத்தில் எல்லாரும் இறங்கி நடக்கவேண்டும். யாரும் முணுமுணுக்கமாட்டார்கள்.

உங்கள் குதிரைச் சவாரியில் சந்தோசம் தருவது இதுவும் சேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன். விலங்குக்கு என்ன இயலுமோ அந்த வேகத்துக்கு மேல் யாரும் போக முடியாது. ஒருவர் நின்றால் எல்லாரும் நிற்கவேண்டும். முகத்தைப் பார்க்காமல், முன்னால் போகிற முதுகைப் பார்த்துக்கொண்டு கதைப்பதால், வீட்டில் வாய் திறக்காத பதின்வயதுப் பிள்ளைகூட நாலு கதை சொல்லும். மாமிக்கு மேப்பிள் காட்டில் வற்றாப்பளை நினைவு வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அதனால் ஐப்பசியைத் தள்ளிவைக்க முடியுமா பாருங்கள். ஒன்ராறியோவில் மார்ச்சில் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை விடுவார்களே, அது எங்களுக்கு மாசி முடிந்து பங்குனி பிறக்கிற நேரம். அறுவடை முடிந்து வயலில் அரிதாள் நிற்கும். பாதை காய்ந்திருக்கும், குளத்தில் தண்ணீர் இருக்கும், வேலையில்லாமல் மாடுகள் நிற்கும். விடியப் பூட்டினால் வெயில் ஏறுமுன் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டு, முத்தையன்கட்டுக் குளம் வரை ஆறுதலாகப் போகலாம். போகிற பக்கத்தில் கற்சிலைமடுவும் இருக்கிறது. 1803 ஒக்டோபர் 31இல் வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடம் தோற்ற இடம். பிள்ளைகளை அங்கே இறக்கி, அந்தக் கதையை மாமியையே சொல்லச் சொல்லுங்கள். பாதி இதிகாசமாகத்தான் வரும், பரவாயில்லை. ஆனி, ஆடியில் வந்தால் பாலைப்பழம் கிடைக்கும், ஆனால் அந்த வெயில் உங்கள் பிள்ளைகளுக்கும் மாட்டுக்கும் கூடாது.

ஒன்று மட்டும் கவனம். வண்டில் சவாரிப் போட்டித் திடலில் ஓடுகிற மாடுகளை யாராவது தருகிறேன் என்றால் வேண்டாமென்று சொல்லுங்கள். அவை ஓடப் பழகியவை. உங்களுக்கு வேண்டியது வயல் வேலைக்கும் பாரத்துக்கும் பழகிய சோடி. கணவருக்குக் காணியில் ஏதாவது தொடங்கியே ஆகவேண்டும் என்றால், அப்படி ஒரு சோடி மாட்டையும் ஒரு கூடார வண்டிலையும் அங்கேயே வைத்துப் பராமரிக்கட்டும். லான்ட்மாஸ்டர் வந்தபிறகு வண்டில் மாடு வளர்க்கிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். அவர்களில் ஒருவருக்கு நிரந்தர வேலை கொடுத்தால் அது பெரிய காரியம். இதை நான் மனதாரக் கேட்கிறேன்.

ஐப்பசிக்கே ரிக்கெற் எடுத்துவிட்டீர்கள் என்றால் வாருங்கள், தம்பளப்பூச்சி பார்க்கலாம். மார்ச்சில் வருவதென்றால் தைக்குள் எழுதுங்கள். மாட்டுக்கு லாடம் மாற்றவேண்டும், கூடாரத்துக்குக் கிடுகு பின்னவேண்டும். மொத்தம் எத்தனை பேர், அதில் சிறுவர் எத்தனை, முதியவர் எத்தனை என்பதையும் எழுதுங்கள். பாரம் பிரிக்க அது தேவை.